எழுதி வைக்கிற வைத்தியர்

டொரண்டோவில் இருக்கும் சித்தி மகள் எப்போது பேசினாலும் பேச்சு கடைசியில் எங்கள் நாய் ஜிம்மியிடம் வந்து நிற்கும். "அக்கா, நாய்க்கு ஒரு காப்புறுதி எடுத்து வைங்க. பிறகு அந்தரப்படாதீங்க" என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவளுடைய லப்ரடோருக்கு மாதாமாதம் கட்டுப்பணம் கட்டுகிறாள். அதற்குக் காதில் சீழ் பிடித்தபோது செலவழித்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. அங்கே வைத்தியச் செலவு எவ்வளவு என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் காப்புறுதி வீண் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு மனம் ஒத்துக்கொள்ளாமல் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்கிற நாய்க்கு முதலில் தேட வேண்டியது காப்புறுதி நிறுவனமா, வைத்தியரா? இரண்டையும் தனித்தனிக் கேள்வி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது நம்புகிறேன். அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

மாட்டுக்குக் கிடைத்த பணம்

தோட்டத்து ஆட்களுக்குக் காப்புறுதி புதிதல்ல. அப்பா மாடு வளர்த்த காலத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தது. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை என்று அரசாங்கத்துக்கு ஒன்று உண்டு, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. பயிருக்குப் போலவே கால்நடைக்கும் அதில் காப்புறுதி செய்யலாம். மாட்டின் காதில் இலக்கத் தகடு அடித்திருந்தார்கள். மிருக வைத்தியர் வந்து பார்த்து, ஆரோக்கியமான மாடு என்று கையெழுத்துப் போட்டார். மாடு செத்தால் புதைப்பதற்கு முன் அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும், காதுத் தகட்டையும் எடுத்து வைக்க வேண்டும் என்று அப்பா எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். மரண உதவிச் சங்கத்துக்கும் மாதச் சந்தா கட்டினோம். எங்கள் வீட்டில் காப்புறுதி என்றாலே உயிர் போன பிறகு வருகிற காசுதான். அதனால் தங்கச்சி சொன்னதை அம்மாவிடம் சொன்னபோது, "செத்த நாய்க்கு யாரு காசு குடுப்பா? குடுத்தாலும் அது எனக்கு எதுக்கு?" என்று கேட்டார். அம்மாவுக்கு வேண்டியது நாய்.

நாய், பூனைக் காப்புறுதியின் வேலை அதற்கு நேர்மாறு. முக்கியமாக அது சிகிச்சைச் செலவுக்கானது. அதன் வேரும் மாட்டுக் கொட்டகையில்தான் இருக்கிறது. சுவீடனில் 1890இல் கிளேஸ் விர்ஜின் என்பவர் குதிரைக்கும் கால்நடைக்கும் தொடங்கிய காப்புறுதியிலிருந்துதான் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். அதே நாட்டில் 1924இல் ஒரு நாய்க்குக் கொடுத்தார்கள், பிரித்தானியாவுக்கு அது 1947இல் வந்தது. உழைக்கிற மிருகத்தின் விலையைக் காப்பாற்றத் தொடங்கியது, வீட்டு மிருகத்தின் உயிரைக் காப்பாற்ற உதவுகிற ஏற்பாடாக மாறியிருக்கிறது. இதை அம்மாவுக்கு விளக்கியபோது முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே, "முதல்ல நம்ம காசக் கட்டி, பிறகுதான் அவங்ககிட்ட வாங்கணுமா?" என்றார்.

அம்மா சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். பெரும்பாலான திட்டங்களில் வைத்தியருக்கான காசை நாமே கட்டி, பற்றுச்சீட்டை அனுப்பி, பிறகுதான் பணத்தை வாங்க வேண்டும். அதிலும் ஒரு தொகையை நம் பங்காகக் கழித்துவிட்டு, மிச்சத்தில் நூற்றுக்கு 70, 80 அல்லது 90 என்று கணக்குப் போட்டுத் தருவார்கள். வருடாந்தத் தடுப்பூசி சாதாரணத் திட்டங்களில் சேராது. நாய்க்கு வயது ஏற ஏறக் கட்டுப்பணமும் ஏறும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது 2024 செப்டெம்பரில். அப்படியான சம்பளத்தில் நாய் வளர்க்கிற வீட்டுக்கு, பிறகு திரும்பி வரும் பணம் பெரிய ஆறுதல் இல்லை. இன்றைக்குக் கையில் இருப்பதுதான் கணக்கு. வைத்தியரிடம் கொண்டுபோகிற வான் கூலியை யாரும் திருப்பித் தருவதுமில்லை. எங்கள் பக்கத்தில் பல நேரம் மருந்தைவிட வான் கூலிதான் பெரிய செலவு.

ஊசியைக் கீழே வைத்த கை

ஜிம்மிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது மழை விட்டிருந்த ஒரு வாரத்தில். அப்போது அது காய்ச்சல் என்றுகூடத் தெரியாது. சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். கூட்டம் அதிகம். மேசையில் ஏற்றினார்கள், இரண்டு ஊசி போட்டார்கள், சின்ன வெள்ளை உறையில் மாத்திரை கொடுத்தார்கள். உறையின் மேல் காலை ஒன்று, இரவு ஒன்று என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன ஊசி என்று கேட்டதற்கு, காய்ச்சலுக்கு என்று பதில் வந்தது. ஒருநாள் ஜிம்மி வாலை ஆட்டியது. அதற்கு அடுத்த நாளிலிருந்து படிகூட ஏறவில்லை.

பிறகு போனது அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்கு. அந்த வைத்தியர் சிங்களவர், மாடு பார்க்கத் தோட்டம் தோட்டமாய் ஏறி இறங்கியதில் எங்கள் தமிழ் அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாய்க்குச் சோறு போடுவது யார் என்று கேட்டு, அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். அம்மா, "ஐயா, ரெண்டு நாளா தேத்தண்ணி நெறத்துல மூத்திரம் போகுது" என்றார். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார், வெள்ளையாக வெளுத்திருந்தது. காது விளிம்பில் ஊசியால் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தம், அதைத் தேய்த்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமாக இரத்த அணுக்கள், சிலவற்றுக்குள் ஊதாப் புள்ளி. "பபீசியா. உண்ணி கடிச்சு வாறது. இரத்தத்த உடைக்குது, அதான் மூத்திரம் அந்த நிறம்" என்றார்.

மருந்துக் குப்பியை எடுத்து ஊசியில் ஏற்றவும் தொடங்கிவிட்டார். அப்புறம் கை நின்றது. "முன்ன போட்ட ஊசி என்ன?" என்றார். உறையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் மருந்தின் பெயர் இல்லை. கிளினிக்குக்கு அவரே போன் போட்டார். அங்கே இருந்தவர் காய்ச்சலுக்கு ஏதோ போட்டிருப்போம் என்றார், அதற்கு மேல் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. வைத்தியர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அது டிமினசீன் என்ற மருந்து, மாட்டுக்கும் போடுவது. நாய்க்கு அளவு கொஞ்சம் தவறினாலும் கெடுதல். ஒருமுறை போட்டுச் சில நாளிலேயே மறுபடி போட்டால் மூளையைத் தாக்கலாம். முதல் கிளினிக்கில் அதையேதான் போட்டார்களா, இல்லையா என்று சொல்ல அந்த அறையில் யாருமில்லை. மருந்து மேசையில் இருக்கிறது, நோய் என்ன என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது, நாய் மூச்சு வாங்குகிறது, கொடுக்க வழியில்லை. ஒரு வரி எழுதாமல் விட்டதற்கு இவ்வளவு விலையா என்று அந்த நிமிடம் எனக்குள் எழுந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அது அடங்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அவர் ஒரு சீ.ஆர். கொப்பியின் தாளைக் கிழித்து எழுதினார். நிறை, உடல் வெப்பம், ஈறின் நிறம், அம்மா சொன்ன மூத்திரத்தின் நிறம், இரத்தத்தில் கண்டது, முன்பு இரண்டு ஊசி போடப்பட்டிருக்கிறது, மருந்து தெரியவில்லை என்பதுவரை. "பேராதெனியவுக்குப் போங்க. அங்க இரத்தத்தின் அளவு பார்க்கலாம், வேற மருந்து வழியும் இருக்கு. இங்க வச்சு நான் செய்யக்கூடாது" என்றார். கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். நாட்டின் மிருக வைத்தியர்கள் படித்து வெளியே வருகிற பீடத்தின் வைத்தியசாலை அது. அங்கே இருந்த இளம் டொக்டர் நாயைத் தொடுவதற்கு முன் அந்தத் தாளை முழுக்க வாசித்தார். பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அதில் இல்லாதவை பற்றித்தான் இருந்தன. ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை.

ஜிம்மி பிழைத்தது. ஆனால் இந்த நோயில் சில நாய்களின் இரத்தத்தில் கிருமி தங்கிவிடும், உடம்பு தளர்கிறபோது திரும்ப வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வான் ஏறும்போது தங்கச்சியின் ஞாபகம் வந்தது. இனி ஜிம்மிக்கு எந்தக் காப்புறுதி எடுத்தாலும், இந்த நோய் திரும்ப வந்தால், முன்பே இருந்த நோய் என்று ஒதுக்கிவிட இடமிருக்கிறது. திட்டம் தொடங்குவதற்கு முன் அடையாளம் காட்டிய நோய்க்குப் பணமில்லை என்பது பெரும்பாலான திட்டங்களின் முதல் விதி.

நொண்டிய கால் எது

அந்த விதியின் மறுபக்கத்தை டொரண்டோத் தங்கச்சியின் விசயத்தில் பார்த்தேன். அவளுடைய நாய்க்குப் பின்னங்கால் முழங்காலில் தசைநார் அறுந்தது, சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. காப்புறுதி நிறுவனம் நாயின் வைத்தியப் பதிவுகள் முழுவதையும் கேட்டு வாங்கியது. திட்டம் தொடங்குவதற்கு முந்திய ஒரு பக்கத்தில் "நொண்டல்" என்று ஒரு குறிப்பு இருந்ததாம். அதை வைத்து மறுத்துவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே பேசினாள். அவளுடைய கூட்டாளி ஒருத்தி, "சின்னச் சின்ன விசயத்தை எல்லாம் எழுத வேண்டாம் என்று டொக்டரிடம் முதலிலேயே சொல்லியிருக்கணும்" என்றாளாம். அது சரியா அக்கா, என்று கேட்டாள்.

சரியில்லை என்றேன். ஊசியைக் கீழே வைத்த அந்தக் கையைப் பார்த்த பிறகு வேறு பதில் சொல்ல எனக்கு முடியாது. எழுதாமல் விடச் சொன்னால் ஏமாறுவது நிறுவனம் மட்டுமில்லை, நடுராத்திரியில் அந்த நாயை முதன்முதலாகப் பார்க்கப் போகிற அடுத்த வைத்தியரும்தான். தேதியை மாற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்கிற ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள். எழுதிக் கொடுக்கிற வைத்தியரை நல்ல மனுசன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர் நாளைக்கு என் நாயைப் பற்றி எழுதுவதையும் நான் நம்ப முடியாது.

தங்கச்சி மேன்முறையீடு செய்தாள். அவளுடைய வைத்தியர் பழைய குறிப்பை முழுதாக எடுத்துக் கொடுத்தார். முன் இடது கால், விரல்களுக்கிடையில் வெட்டு, ஒரு வாரத்தில் ஆறியது, பின்னங்கால்கள் இரண்டும் சோதிக்கப்பட்டன, குறையில்லை. அறுந்தது பின் வலது கால். நிறுவனம் பணத்தைக் கொடுத்தது. மறுக்க வைத்ததும் எழுத்துத்தான், கொடுக்க வைத்ததும் எழுத்துத்தான். எந்தக் கால் என்று அந்த வைத்தியர் எழுதியிருக்காவிட்டால் அவள் கடன்பட்டிருப்பாள். மற்றப் பின்னங்காலிலும் இதே தசைநார் அறுந்தால் அதை முன்பே இருந்த நோயாகக் கணக்கெடுக்கிற திட்டங்களும் உண்டாம், அதையும் அவள் அப்போதுதான் வாசித்தாள். இந்த மாதிரி மூட்டு நோய்களுக்கு மட்டும் ஆறு மாதம் வரை காத்திருக்கச் சொல்கிற திட்டங்களும் இருக்கின்றன.

யாரிடம் போவது

இதற்குப் பிறகு யார் கேட்டாலும் வைத்தியரைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன். மிருக வைத்தியச் சபையில் பதிவுபெற்றவரா என்பது அடிப்படை, அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. தடுப்பூசி போடும்போது அவருடைய கையைப் பாருங்கள். குப்பியில் ஒட்டியிருக்கிற சின்ன லேபலை உரித்து அட்டையில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிறாரா? அந்த மருந்து எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்கிற இலக்கம் அதில் இருக்கும். அதைச் செய்கிறவர் மற்றதையும் எழுதுவார். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியது. நுவரெலியாக் குளிரில் வெளியே வைத்தாலும் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பகல் வெயிலில் அந்த அறையும் சூடாகும். மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதார அமைச்சு இலவசமாகவே போடுகிறது, அந்த அட்டையையும் நாயின் மற்றப் பதிவுகளோடு வையுங்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் ஆஸ்பத்திரியில் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

இன்னொன்று, திட்டாத வைத்தியராக இருக்க வேண்டும். இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். தோட்டத்திலிருந்து வருகிறவர்களை, ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டுவந்தாய், ஏன் வீட்டு மருந்து கொடுத்தாய் என்று முதல் வார்த்தையிலேயே சாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் சனம் வாயைத் திறக்காது. பூனைக்குப் பனடோல் கொடுத்திருப்பார்கள், சொல்லமாட்டார்கள். பூனைக்கு அது நஞ்சு, எப்போது எவ்வளவு கொடுத்தது என்று தெரிந்தால்தான் மாற்று மருந்துக்கு வழி. கேட்கத் தெரிந்தவரிடம்தான் உண்மை வரும். அம்மாவுடைய தேத்தண்ணி நிறம் ஒரு பரிசோதனைக்கு நிகரான தகவல். சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்தால்தான் பேசலாம் என்ற அறையில் அது வெளியே வந்திருக்காது.

தன்னால் முடியாததை முடியாது என்று சொல்கிறாரா என்பதையும் பாருங்கள். தேயிலைக்குள் பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் நாய்கள் மாட்டிக்கொள்கின்றன, சிறுத்தை அடித்துத் தப்பி வருவதும் நடக்கிறது. அந்தக் காயங்களுக்கு மயக்கமருந்தும் எக்ஸ்ரேயும் உள்ள இடம் வேண்டும். அரசாங்க வைத்தியர் அந்த நேரம் ஏதோ ஒரு தோட்டத்தில் மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் பக்கத்தில் ஒருவர், தூரத்தில் ஒரு வைத்தியசாலை என்று இரண்டையும் முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இரவில் வான் ஓட்ட வருகிறவரின் நம்பரையும்.

காப்புறுதியைப் பற்றிய என் கேள்விகள் இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. தோட்டத்துப் பக்கத்து அரசாங்க வைத்தியர் சிங்களத்தில் கையால் எழுதிய தாளை நிறுவனம் ஏற்றுக்கொள்ளுமா? கட்டணம் வாங்காத இடத்தில் பற்றுச்சீட்டுக்கு எங்கே போவது? உண்ணிக் காய்ச்சல் திட்டத்துக்குள் வந்த பிறகு திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு வருடமும் கொடுப்பார்களா, முதல் வருடத்தோடு நிறுத்துவார்களா? பேராதனையில் கட்ட வேண்டியதை நேரடியாகக் கட்டுவார்களா? எந்த வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தருகிற நிறுவனம் எதுவானாலும் அதற்குக் கட்டுப்பணம் கட்ட நான் தயார். வாயால் சொல்கிற முகவருக்கு இல்லை. அதுவரை மாதாமாதம் ஒரு தொகையை அம்மாவின் பெயரில் தனியாகப் போட்டு வருகிறேன், வான் கூலிக்கும் முதல் நாள் செலவுக்கும் அது போதும்.

ஜிம்மிக்கு வயதாகிவிட்டது, அதற்கு இனி சேமிப்புத்தான் வழி. ஆனால் பக்கத்து லயத்திலிருந்து அம்மா ஒரு குட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். அதை எந்த நோயும் காட்டாத நாளிலேயே அதே வைத்தியரிடம் கொண்டுபோனோம். நிறை, பல், இதயம், நான்கு கால்கள், தோல், காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, குறையில்லை என்று தேதியோடு எழுதித் தந்தார். முன்பே இருந்த நோய் என்று நாளைக்கு யாராவது சொன்னால் காட்ட ஒரு பக்கம் கையில் இருக்கிறது. அதைப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். குட்டியின் அடுத்த ஊசிக்கு முன் இங்கே கிடைக்கிற திட்டங்களின் நிபந்தனைத் தாள்களை வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறாள். வரி வரியாகச் சேர்ந்து வாசிக்கப் போகிறோம்.